மேஜைக்கு மேலே நாலு விரல்

மார்ச் 30, ஞாயிறு

வெயில். பங்குனி முடியவில்லை, அதற்குள் ஓடு கொதிக்கிறது. கோவில் விட்டு வந்ததும் சுவர்ப் படங்களை இறக்கித் துடைத்தேன். ஆறு படம்.

1. தேவதாசு. பெரியவன் மகன். பி.இ. பாஸ். கறுப்புக் கவுன், தலையில் தட்டைத் தொப்பி. எஞ்சினீர் சிரிக்கக் கூடாதாம், சிரிக்கவில்லை.
2. பால்ராஜ். அவன் தம்பி. ஆகாயப்படை. விமானத்து ரேடியோ ரிப்பேர். தாத்தா பூமிக்குள்ளே, பேரன் ஆகாயத்திலே என்று போதகரே சொன்னார்.
3. ரூபி. மகள் வயிற்று மூத்தவள். டீச்சர் டிரெயினிங் முடித்து இரண்டே வருஷத்தில் தலைமை டீச்சர்.
4. மணி. ஹாக்கி. வெள்ளிக் கப்பைப் பிள்ளை மாதிரி இடுப்பில் வைத்திருக்கிறான்.
5. செல்வின். எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளிக்கூடத்துக்கே முதல். மூக்குக்கண்ணாடி போட்ட பிறகு எடுத்தது.
6. எஸ்தர். தாய் தகப்பன் இல்லாதவள், நான் வளர்த்தது, என்னோடு இருப்பவள். நர்ஸ். தலையில் வெள்ளைக் குல்லாய்.

சட்டம் ஆறும் என் வீட்டுக்காரர் செய்து வைத்துப் போனவை. தங்கவயல் சுரங்கத்தில் இருபத்தெட்டு வருஷம் மரமுட்டு வேலை பார்த்தவர். பூமிக்குள்ளே பாறை இறங்காமல் கட்டை நிறுத்துவது. முட்டுக்கட்டை மிச்சத்தில் செதுக்கியது, ஒரு விரல் தடிமன். ஆறு பேரப்பிள்ளை, ஆளுக்கு ஒன்று நிரப்பட்டும் என்றார். பிறகு காய்ச்சலில் போய்விட்டார். எல்லாம் நிரம்பிவிட்டது. பார்க்க அவர் இல்லை.

நான் ஐந்தாவதோடு நின்றவள். இந்த டைரி எஸ்தர் (இனி எ.) கொடுத்தது, போன வருஷத்தது. கிழமையை அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.

போதகர் ஒரு கடிதம் கொடுத்தார். பெங்களூர் தண்டிலிருந்து, கன்டோன்மென்ட் பக்கம். எஸ்தரைப் பெண் பார்க்க வருகிறார்கள், பையனும் தாயாரும். ஈஸ்டர் கழித்து ஏப்ரல் இருபது. மதியச் சாப்பாடு இங்கே. கடைசியில் ஒரு வரி: தாயாருக்கு முழங்கால் மடங்காது, மேஜையில்தான் சாப்பாடு.

எங்களிடம் மேஜை இல்லை. வீடே ஒரு அறை.


ஏப்ரல் 1, செவ்வாய்

நூல் பிடித்து அறையை அளந்தேன். நீளம் பதினாலு அடி, அகலம் பத்து. இதற்குள் இருப்பது:

கயிற்றுக் கட்டில் 2. தேக்குப் பெட்டி 1. அடுப்பு மேடை. தண்ணீர்ப் பானை. அம்மி. எ.யின் யூனிபாரம் தொங்கும் கொடி. நடுவில் கம்பம்.

இந்தக் கம்பம்தான். எட்டு வீடு ஒரே முற்றத்தைச் சுற்றி, வட்டாரா என்பார்கள் மைசூரில். எல்லா வீட்டிலும் சுவர்தான் ஓட்டைத் தாங்குகிறது. எங்கள் வீட்டில் மட்டும் நடு அறையில் ஒரு மரக்கம்பம். மேலே விட்டம். அதே விட்டம் இடைச்சுவரைத் தாண்டி கௌரம்மா வீட்டுக்கும் போகிறது. கம்பம் என் பக்கம்.

மண்டி மொகல்லா ஏலக்கடையில் ஒரு மேஜை. ஊரை விட்டுப் போன துரை வீட்டுடையது. ஆறடி, மூன்றடி. தேக்கு. கையை வைத்தால் குளிர்ச்சி. சின்ன மேஜையும் அங்கே இருந்தது. பார்த்தேன். பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

எ. வேலை முடிந்து வந்து சிரித்தாள்.

"இன்னா ஆயா, நாம ரெண்டு பேரு. அதுக்கு ஆறடி மேசையா? நான் தூங்கறதுக்கா?"

"வர்றவங்க உக்காரணும்."

"வர்றவங்க ரெண்டு மணி நேரம் இருப்பாங்க. மேசை பூரா வருஷமும் இருக்கும்."


ஏப்ரல் 4, வெள்ளி

மாட்டு வண்டியில் மேஜை வந்தது. கதவுக்குள் நுழையவில்லை. காலைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் மாட்டினார்கள். வட்டாராவே வந்து நின்று பார்த்தது.

சுவர் ஓரமாகப் போட்டால் ஒரு பக்கம் யாரும் உட்கார முடியாது. மறு பக்கம் நாற்காலியை இழுத்தால் கம்பத்தில் இடிக்கிறது. நடுவில் போட்டால் நடுவிலேயே கம்பம். கட்டிலை வெளியே போட்டேன், பானையை மூலைக்குத் தள்ளினேன், ஆறு விதமாகப் போட்டுப் பார்த்தாயிற்று.

தச்சு வேலை செய்கிற சித்தாச்சாரியைக் கூப்பிட்டேன். கம்பத்தைக் கையால் ஆட்டினார். ஆடியது. மேலே பார்த்தால் கம்பத்துக்கும் விட்டத்துக்கும் நடுவில் ஒரு விரல் வெளிச்சம்.

"இது வாடகை குடுக்காத குடித்தனக்காரன் மாதிரி அம்மா. சும்மா நிக்குது. தூக்கிடலாம்."

நானும் தட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தால் இதையேதான் பேசுவார். சுமை தாங்குகிற கட்டை தட்டினால் கணீர் என்னும். தாங்காதது தொப் என்னும். முட்டியால் மூன்று தரம் தட்டினேன். தொப். தொப். தொப்.

சந்தேகமே இல்லை. தூக்கச் சொல்லிவிட்டேன்.


ஏப்ரல் 5, சனி

கம்பம் போயிற்று. அடிக்கல்லிலிருந்து பல் பிடுங்கின மாதிரி வந்தது. அறை பெரிசாகிவிட்டது. எனக்கே வேறு வீடு மாதிரி.

அடுத்த வீட்டுக் கௌரம்மா வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரவில்லை.

"அய்யோ அஜ்ஜி, கம்பா தெகதுட்டீங்களா? பேடா அஜ்ஜி, வேணாம். எங்க மாமனார் காலத்துலருந்து நிக்குது."

"அது எதையும் தாங்கல கௌரம்மா. நான் தட்டிப் பாத்தேன்."

"தட்டிப் பாத்தா கம்பா பேசுமா?"

பேசும். அவளுக்குத் தெரியாது. அவள் வீட்டுக்காரர் தாலுகா ஆபீசில் காகிதம் அடுக்குகிறவர்.

நாற்காலி நாலுதான் கிடைத்தது. சித்தாச்சாரி கம்பத்தை அறுத்து ஒரு பெஞ்சு செய்து தருகிறேன் என்றார். நல்ல மரம், வீணாகக் கூடாது.


ஏப்ரல் 6, குருத்தோலை ஞாயிறு

குருத்தோலைச் சிலுவையைப் படங்களுக்கு மேலே சொருகினேன். பெஞ்சு வந்தது. அதில் உட்கார்ந்து கால் நீட்டினேன். முன்னே நின்றது இப்போது படுத்திருக்கிறது.


ஏப்ரல் 8, செவ்வாய்

மேஜை நடுவில். அந்தப் பக்கம் இரண்டு நாற்காலி, இந்தப் பக்கம் பெஞ்சு, தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாத்தினால் பரிமாற வழி. அடுப்பிலிருந்து மேஜைக்கு நாலு எட்டு.

மத்தியானம் கஞ்சியை மேஜையில் வைத்துத் தனியாகச் சாப்பிட்டேன். அறுபத்திரண்டு வயதில் முதல் தரம். கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எதிரே சுவரில் ஆறு பேரும் பார்க்கிறார்கள்.

கஞ்சியில் ஒரு சிட்டிகை மண். எலி ஓடியிருக்கும்.


ஏப்ரல் 9, புதன்

சாயங்காலம் முதல் மழை. மாங்காய் மழை என்பார்கள், அரை மணி நேரம். மண் வாசனை நன்றாக இருந்தது.

மழை விட்ட பிறகு கதவு சாத்தவில்லை. மேல் சட்டத்தில் பிடிக்கிறது. காலையில் சாத்தியது.

மேஜை விரிப்பில் மண். ஒரு கோடாக. விட்டத்துக்கு நேர் கீழே.

அடுப்பை ஊதிக்கொண்டிருந்தபோது புரிந்தது. கை நின்றுவிட்டது. வெயில் காலத்தில் ஓடு காய்ந்து கிடக்கும், விட்டம் லேசாக நிமிர்ந்து நிற்கும், கம்பத்துக்கு வேலை இல்லை. மழையில் ஓடும் அடிமண்ணும் தண்ணீர் குடித்துக் கனக்கும். விட்டம் இறங்கிக் கம்பத்தில் உட்காரும். வருஷா வருஷம் அப்படித்தான் உட்கார்ந்திருக்கும். நான் தட்டிப் பார்த்தது வெயிலில்.

என் வீட்டுக்காரர் சொன்னது தப்பில்லை. சுரங்கத்துக்குள் மழை பெய்யாது, அவ்வளவுதான்.

எ.விடம் சொல்லவில்லை.


ஏப்ரல் 10, வியாழன்

சித்தாச்சாரி வீட்டுக்குப் போனேன். குண்டலுபேட்டையில் கல்யாண வீட்டு வேலையாம். இருபத்திரண்டாம் தேதிதான் வருவாராம்.

வேறு ஆசாரி இல்லாமல் இல்லை. கூப்பிட்டால் முதல் வார்த்தை, நடுவில் கம்பம் நடு என்பான். நட்டால் மேஜை வெளியே.

இருபதாம் தேதி முடியட்டும். பிறகு நட்டுவிடலாம். பத்து நாள்.

விட்டத்திலிருந்து ஒரு நூல் கட்டி, நுனியில் பெட்டிச் சாவி. மேஜைக்கு மேலே நாலு விரல் விட்டுத் தொங்குகிறது. என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் பாறைமேல் காகிதம் ஒட்டி வைப்பார், கிழிந்தால் பாறை நகர்கிறது என்று. எனக்குச் சாவி, விட்டம் இறங்கினால் அதுவும் இறங்கும்.


ஏப்ரல் 11, பெரிய வெள்ளி

கோவிலில் மூன்று மணி நேரம். மனசு அங்கே இல்லை. மழை இல்லை. நாலு விரல்.

எ.: "ஆயா, சாவி எதுக்கு அந்தரத்துல தொங்குது?"

"தொலைஞ்சு போவாம இருக்கத்தான்."

"நல்ல பூட்டு. திருடன் வந்தா தேட வேணாம்."


ஏப்ரல் 12, சனி

கௌரம்மாவின் மகளுக்குப் பிரசவம். ஆண் குழந்தை. தாய் வீட்டுக்கு வந்திருந்தவள். எ.தான் கூட இருந்தாள். வெந்நீர் இங்கிருந்துதான் போயிற்று. வட்டாரா முழுக்கக் கற்கண்டு.

தாயும் பிள்ளையும் படுத்திருப்பது இடைச்சுவர் ஓரம், இருட்டு மூலையில், காற்று படாமல். அதே விட்டத்துக்குக் கீழே.

கற்கண்டு வாயில் கரையவில்லை.


ஏப்ரல் 13, ஈஸ்டர்

புதுச் சேலை. மத்தியானம் மழை, முக்கால் மணி. மூன்று விரல்.


ஏப்ரல் 15, செவ்வாய்

வெயில். மூன்று விரல்தான். வெயிலில் மறுபடி ஏறும் என்று நினைத்தேன். ஏறவில்லை. இறங்கினது இறங்கினதுதான்.

ஏணி வைத்து விட்டத்தைப் பார்த்தேன். சுவருக்குள் போகிற இடத்தில் கறையான் புற்று, விரல் கனம். குத்தினால் மாவு. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

கௌரம்மா வீட்டிலிருந்து குழந்தை அழுகிற சத்தம். ஒரு சாண் சுவர்தான் நடுவில்.

போய்ச் சொல்ல வேண்டும். என்ன சொல்வது? உன் பேரன் தலைமேல் நான் கை வைத்துவிட்டேன் என்றா? சொன்னால் வட்டாராவுக்கே தெரியும். வட்டாராவுக்குத் தெரிந்தால் போதகருக்கு. போதகருக்குத் தெரிந்தால் தண்டுக்கு.

ஐந்து நாள்தான்.


ஏப்ரல் 17, வியாழன்

செய்ய வேண்டியது:

தேங்காய்ப்பால் சோறு (ரேஷன் அரிசி போதாது, ரூபி தன் அரிசிப் பங்கை அனுப்பிவிட்டாள்). ஆட்டுக்கறிக் குழம்பு. முட்டை. ரொட்டிப் புட்டிங், எ. செய்வாள். ஆறு பீங்கான் தட்டு, போதகர் வீட்டில் இரவல். மேஜை விரிப்புக்குக் கஞ்சி போட வேண்டும். படங்களை நேராக மாட்ட வேண்டும், எல்லாம் இடது பக்கம் சரிகிறது.

படங்கள் சரியவில்லை. சுவர் சரிகிறது.

இரண்டரை விரல்.


ஏப்ரல் 19, சனி

காலையிலிருந்து மூட்டம். சாமுண்டி மலை தெரியவில்லை. இரண்டு மணிக்குப் பிடித்த மழை ஐந்துக்குத்தான் விட்டது.

ஒரு விரல்.

எ. கஞ்சி போட்ட விரிப்பை இஸ்திரி போட்டுக்கொண்டே பாடினாள். அவள் பாடிக் கேட்டு எத்தனை நாள். கேட்டேன், உனக்குப் பையனைப் பிடித்திருக்கிறதா என்று.

"போட்டோ பாத்தேன். காது பெருசு. சொல்றத கேப்பாரு போல."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது.


ஏப்ரல் 20, ஞாயிறு, காலை

வானம் கறுப்பு. குழம்பு கொதிக்கிறது. அரை விரல். பதினொன்றரைக்கு வருகிறார்கள்.


ஏப்ரல் 21, திங்கள். போதகர் வீட்டுத் திண்ணையில்

எதுவும் விட்டுப் போகாமல் எழுதுகிறேன்.

ஜட்காவில் வந்தார்கள். தாயார் சுகிர்தம்மாள், கையில் தடி. பையன் எட்வின், ரயில்வே ஆபீசில் வேலை. காது பெரிசுதான். தாயார் மேஜையைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

"இவ்வளவு சின்ன இடத்துல இவ்வளவு பெரிய மேசை! நாங்க கூட இப்படிப் போட்டதில்ல."

பாராட்டா குத்தலா தெரியவில்லை. பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

உட்கார்ந்தோம். ஜெபம் செய்தோம். எட்வின் சாவியைப் பார்த்துவிட்டான்.

"பாட்டி, இது என்ன?"

எ. என்னையே பார்த்தாள். நான் குழம்புக் கரண்டியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

இரண்டாம் தரம் சோறு வைக்கும்போது மழை. சடசடவென்று. பேச்சு கேட்கவில்லை. சுகிர்தம்மாள் தன் வீட்டு அலமாரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது டிக் என்று ஒரு சத்தம். சாவி மேஜையைத் தொட்டுவிட்டது. நூல் தொய்ந்தது.

குழம்பில் தூசி. விட்டம் முனகியது. மற்றவர்களுக்கு அது மழைச் சத்தம்.

என் வீட்டுக்காரரின் கணக்கு ஒன்று உண்டு. தூசி விழுந்தால் வேலையைப் பார். மண்கட்டி விழுந்தால் ஆளை எண்ணு. கல் விழுந்தால் ஓடு.

புட்டிங் தட்டுக்குப் பக்கத்தில், வெள்ளை விரிப்பில், எலுமிச்சம்பழ அளவு மண்கட்டி விழுந்தது.

எண்ணினேன். இங்கே நாலு பேர். சுவருக்கு அந்தப் பக்கம் கௌரம்மா, மகள், குழந்தை. ஏழு.

"எல்லாரும் எழுந்து வெளியே போங்க."

"ஆயா, இன்னா இது?"

"நடுவுல ஒரு கம்பம் இருந்துச்சு. நான் எடுத்துட்டேன். இந்த மேசைக்காக. கூரை இறங்குது. போங்க."

சுகிர்தம்மாள் மேலே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைத்தான் மூன்று வாரமாகத் தவிர்க்கப் பார்த்தேன். வந்துவிட்டது, நான் சாகவில்லை.

எ. கௌரம்மா வீட்டுக்கு ஓடினாள். கத்துவது கேட்டது. கௌரம்மா மறிக்கிறாள்.

"ஒம்பதாம் நாளு! பதினொன்னு ஆகாம பாணந்தி ஹொரகே பரபாரது! மழையில பச்சக் கொழந்தைய எடுத்துட்டு எங்க போறது?"

"கூர விழும் அக்கா!"

"உங்க வீட்டுக் கூரன்னா உங்க வீட்ட காலி பண்ணுங்க!"

என்மேல் கோபம் அவளுக்கு. நியாயம்தான். பிள்ளை பெற்றவளைப் பதினோரு நாளுக்கு முன் வாசல் தாண்ட விட மாட்டார்கள். பேசி முடிக்க நேரம் ஆகும். அதுவரை விட்டம் நிற்க வேண்டும்.

முட்டுக்கட்டை இல்லாத இடத்தில் அடுக்கு போடு என்பார் அவர். கிடைத்ததையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக, கீழிருந்து மேலே, இடைவெளி இல்லாமல்.

எட்வின் வெளியே போகவில்லை. கோட்டைக் கழற்றினான். "என்ன செய்யணும் சொல்லுங்க பாட்டி."

விரிப்பு, தட்டு, சோறு எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் தரையில் தள்ளினேன். போதகர் வீட்டுப் பீங்கான் ஆறும் போயின. மேஜையை இழுத்து, கம்பம் நின்ற கல்லுக்கு நேராக நிறுத்தினோம். அதன்மேல் பெஞ்சு. அந்தக் கம்பம் தன் இடத்துக்கே வந்துவிட்டது, குறுக்கே படுத்துக்கொண்டு. அதன்மேல் தேக்குப் பெட்டி. அதன்மேல் மணைப்பலகை இரண்டு, அம்மிக்கல். நான் நாற்காலியில் ஏறி மேஜைமேல் நின்றேன். எட்வின் என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டான். அம்மிக்கல்லுக்கும் விட்டத்துக்கும் நடுவில் இன்னும் ஐந்து விரல், ஆறு விரல் இடைவெளி.

ஆப்பு வேண்டும். தட்டையாக, கெட்டியாக. விறகு அத்தனையும் நனைந்து முற்றத்தில்.

சுவரைப் பார்த்தேன்.

"அந்தப் படங்கள எடுங்க."

சுகிர்தம்மாள் வாசற்படியிலேயே நின்றிருந்தார். அவரும் போகவில்லை. தடியைச் சாத்திவிட்டு, காலை இழுத்து இழுத்து வந்து, முதல் படத்தைக் கழற்றி நீட்டினார்.

"இது யாரு?"

"தேவதாசு. பெரியவன் மகன். எஞ்சினீரு." வைத்தேன். அம்மிக் குழவியால் ஒரு அடி. கண்ணாடி நொறுங்கியது.

"இவரு?"

"பால்ராஜ். ஆகாயப்படை." அடி.

"பொண்ணா?"

"ரூபி. தலைமை டீச்சர்." அடி. மண் கண்ணில் விழுந்தது.

"கப்பு வச்சிருக்கான்."

"மணி. ஹாக்கி." அடி. விட்டம் மறுபடி முனகியது, ஆனால் வேறு மாதிரி. பல்லைக் கடிக்கிற மாதிரி.

"இந்தக் கண்ணாடிப் பையன்?"

"செல்வின். பள்ளிக்கூடத்துக்கே மொதல்." நுழையவில்லை. திருப்பிப் போட்டு ஓங்கி இரண்டு அடி. நுழைந்தது.

குழவியால் பெட்டியைத் தட்டினேன். கணீர்.

மேஜையைத் தட்டினேன். கணீர்.

"போதும்" என்றேன். சுகிர்தம்மாள் கையில் ஆறாவது படம் இருந்தது. எஸ்தர். தன் சேலைத் தலைப்பால் அதன்மேல் இருந்த மண்ணைத் துடைத்தார்.

"இது உள்ள போக வேணாம்" என்றார். "எங்கிட்ட இருக்கட்டும்."

எட்வின் இன்னும் என் காலை விடவில்லை.

வெளியே வந்தபோது எ. குழந்தையைத் தன் முந்தானைக்குள் சுற்றி எடுத்துவந்தாள். பின்னால் கௌரம்மாவும் மகளும் ஒரே குடையில். அவர்கள் பக்கத்திலும் மண் விழுந்த பிறகுதான் கௌரம்மா நகர்ந்தாளாம். என் பக்கம் திரும்பவில்லை. எதிர் வீட்டுத் தாழ்வாரத்தில் எல்லாரும் ஒண்டிக்கொண்டோம். முழங்கால் மடங்காத சுகிர்தம்மாள் ஆட்டுக்கல்மேல் உட்கார்ந்து, சட்டியில் மிஞ்சின புட்டிங்கைக் கையாலேயே சாப்பிட்டார். கொஞ்சம் மண்ணும் இருந்திருக்கும்.

ஜட்கா ஏறும்போது என்னிடம், "கல்யாணத்துக்குப் பாய் போட்டுக்கலாம்மா" என்றார்.


ஏப்ரல் 22, செவ்வாய்

மழை இல்லை. மேகம் போகவில்லை.

வட்டாராவின் சொந்தக்காரர் ஆள் அனுப்பினார். இரண்டு வீட்டுக்கும் பூட்டு. சித்தாச்சாரி வந்தார். அடுக்கைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். விட்டத்தை மாற்றாமல் எதையும் தொட முடியாது, புது விட்டம் அறுத்து வர ஒரு மாதமாவது ஆகும் என்கிறார். அதுவரை அது நிற்க வேண்டும். மண் தரையில் மேஜைக் கால் நாலும் கால் விரல் ஆழம் புதைந்திருக்கிறது. நேற்று இல்லை.

கௌரம்மா மகளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டாள். குழந்தைக்குச் சளி. எ. போய்ப் பார்த்துவிட்டு வந்தாள், மூச்சு பரவாயில்லை என்றாள். நான் அந்த வீட்டு வாசல் வரை போனேன். கௌரம்மா கதவைத் திறக்கவில்லை. நாளைக்கும் போவேன்.

காலையும் சாயங்காலமும் ஜன்னல் வழியாகத் தடியை விட்டு மேஜையைத் தட்டிப் பார்க்கிறேன். காலையில் கணீர். சாயங்காலமும் கணீர்தான், கொஞ்சம் கம்மி.

பெரிய மகனுக்கு எழுத வேண்டியது:

எஸ்தருக்குப் பேசி முடிந்தது. மற்றதை நேரில் சொல்கிறேன், நான் செய்த தப்பு, நானே சொல்ல வேண்டும். பிள்ளைகள் ஐந்து பேரும்தான் இப்போது கூரையைத் தாங்குகிறார்கள். முகம் ஒன்றும் தெரியவில்லை, சட்டத்தின் ஓரம் மட்டும் தெரிகிறது. எடுக்க முடியாது. ஐந்து பேரையும் சேர்த்து நிற்க வைத்து, வெட்டவெளியில், தலைக்குமேல் ஒன்றும் இல்லாத இடத்தில், புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. பெருமழைக்கு முன்னால் அனுப்பு.